தாய்லாந்து கிராமத்தில் ஓய்வுக்காலம்: செலவு குறைவு, சத்தம் அதிகம்

கேள்வி இது: "வயது 56. இன்னும் கொஞ்ச நாளில் வேலையை விடுகிறேன். மனைவி தாய்லாந்துக்காரர், வடகிழக்கே ஈசான் பக்கத்துக் கிராமம். அங்கேயே போய் நிரந்தரமாக இருந்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. செலவு குறைவு, அமைதியான இடம் என்கிறார்கள். அன்றாட வாழ்க்கை நிஜமாகவே எப்படி இருக்கும்?"

செலவு குறைவுதான். அமைதி கிடையாது. மற்றதை விவரமாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது ரோய் எட் மாகாணத்தில், மனைவி பிறந்த ஊரில். சுற்றுவட்டாரத்தில் ஓய்வுக்காகக் குடியேறிய வெளிநாட்டவர் நிறைய. ஆங்கிலேயர், ஜெர்மானியர், சுவிஸ்காரர், நார்வே, ஸ்வீடன்காரர்கள். உடோன் தானி, ஊபோன் பக்கம் போனால் அமெரிக்கர்கள். வியட்நாம் போர்க் காலத்தில் உடோன், ஊபோன், கோராட், நக்கோன் பனோம் ஆகிய ஊர்களில் அமெரிக்க விமானத் தளங்கள் இருந்தன. அப்போது வந்த சிப்பாய்களில் சிலர் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள், சிலர் வயதான பிறகு திரும்பி வந்தார்கள். நம் ஆட்கள் அபூர்வம். இத்தனை பேரைப் பார்த்ததில் எனக்குப் பட்டது, ஊரில் நிலைத்தவர்களையும் மூட்டை கட்டியவர்களையும் பிரிப்பது பணம் இல்லை. ஊர்க்காரர்கள் உங்களை எந்த வீட்டு ஆளாகப் பார்க்கிறார்கள் என்பதுதான். அந்த ஒன்று சரியாக அமைந்தால் மொழி தெரியாமல்கூடக் காலம் தள்ளலாம். அமையாவிட்டால் எவ்வளவு பெரிய பங்களா கட்டினாலும் மதில் சுவருக்குள் கைதி மாதிரிதான்.

உங்கள் விஷயத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஈசானில் பழைய வழக்கப்படி கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். கடைசி மகள் பெற்றோரோடு தங்கி அவர்களைக் கவனித்துக்கொள்வாள், வீடும் பெரும்பாலும் அவளுக்கே வரும். நம்மூரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஒரு நமட்டுச் சிரிப்பு இருக்கும். இங்கே அது தலைமுறை தலைமுறையாக இருக்கும் நாற்காலி. அதில் நீங்கள் போய் உட்காருகிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த நாற்காலிக்கு வேலையும் உண்டு. மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, அறுவடைக்கு வந்தவர்களுக்குச் சோறும் பீரும் ஏற்பாடு செய்வது, கோயில் வேலைக்கு ஆள் கேட்டால் போய் நிற்பது எல்லாம் அதில் அடக்கம். உங்கள் மனைவி கடைசி மகளா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆமாம் என்றால், மாமியார் மாமனாரின் முதுமையும் உங்கள் ஓய்வுத் திட்டத்தில் ஒரு பகுதி.

காலை ஆறு மணிக்கு ஊர் ஒலிபெருக்கி அலறும். கம்பத்தின் உச்சியில் நாலு திசைக்கும் நாலு குழாய். முதலில் மொலாம் என்கிற ஈசான் நாட்டுப்பாட்டு ஒன்று, பிறகு 'பூ யாய் பான்' எனப்படும் ஊர்த் தலைவர் மைக்கைப் பிடிப்பார். நாய்களுக்கு வெறிநாய் ஊசி போட ஆள் வருகிறார்கள், முதியோர் உதவித்தொகை வந்துவிட்டது, இன்னார் வீட்டில் சாவு, நாளைக்கு வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும், இப்படிப் போகும். புதிதாக வருகிற வெள்ளைக்காரர்கள் இதைத்தான் முதலில் குறை சொல்வார்கள். போய்ப் புகார் கொடுத்தவர்களும் உண்டு. ஊர் சிரிக்கும், கம்பம் அப்படியே நிற்கும். சேவல், இரட்டைச் சக்கர உழவு இயந்திரம், பக்கத்து வீட்டு காரியோகே எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். தூக்கம் லேசானவர் என்றால் படுக்கையறையைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் கட்டுங்கள். வேறு தீர்வு இல்லை.

ஒலிபெருக்கி ஓய்ந்ததும் பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாக வருவார்கள். வீட்டு வாசலில் பெண்கள் மண்டியிட்டு, மூங்கில் கூடையிலிருந்து சூடான ஒட்டரிசிச் சோற்றை ஒரு பிடி எடுத்து ஒவ்வொரு திருவோட்டிலும் வைப்பார்கள். குழம்பு, கூட்டு எல்லாம் அப்புறம் கோயிலுக்குத் தனியாகப் போகும். நீங்களும் போய் உட்காரலாம், மதம் யாரும் கேட்பதில்லை. ஆனால் தோளில் துண்டோ சட்டையோ இல்லாமல் பனியனோடு போய் உட்கார வேண்டாம்.

அடுத்து ஊரே காத்திருக்கும் வண்டி வரும். 'ரொட் பும்புவாங்' என்பார்கள், நடமாடும் காய்கறிக் கடை. பிக்கப் லாரியின் பின்பக்கம் முழுக்கக் கம்பி கட்டி, அதில் நூற்றுக்கணக்கான சிறு பிளாஸ்டிக் பைகள் திராட்சைக் குலை மாதிரி தொங்கும். ஒவ்வொரு பையும் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி முடிந்திருக்கும். ஒன்றில் கைப்பிடி பச்சை மிளகாய், ஒன்றில் புதினா, ஒன்றில் விரலளவு மீன், இன்னொன்றில் பன்றிக் கொழுப்பு, எலுமிச்சை நாலு, மூங்கில் குருத்து. பை பத்து பாட், இருபது பாட் (பாட் என்பது தாய்லாந்து நாணயம்). உள்ளே ஐஸ் பெட்டியில் கோழியும் மீனும். வண்டி நின்றதும் பெண்கள் நாலா பக்கமும் சூழ்ந்துகொள்வார்கள். கை ஒரு பையை அழுத்திப் பார்க்கும், வாய் வேறு கதை பேசும். கையில் காசு இல்லை என்றால் கடைக்காரம்மா நோட்டில் எழுதிக்கொள்வார். என் பெயரில் எழுத மாட்டார், மாமியார் பெயரில்தான் எழுதுவார். நான் என்ன வாங்கினேன் என்பது நான் வீடு திரும்புவதற்கு முன்பே அங்கே தெரிந்திருக்கும். தனிமை விரும்பிகளுக்கு இந்த இடம் சரிப்படாது என்று சொல்வது இதனால்தான். "சாப்பிட்டாச்சா", "எங்கே போய்ட்டு வர்றே" என்று தெருவில் பார்க்கிறவரெல்லாம் கேட்பார்கள். நமக்கு இது பழக்கம். ஐரோப்பியர்கள் சிலருக்கு விசாரணை மாதிரி இருக்குமாம்.

சாப்பாட்டில் நமக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் கொஞ்சம் வசதி. முருங்கை கிட்டத்தட்ட வேலிக்கு வேலி நிற்கிறது. அகத்திப்பூவைச் சந்தையில் கட்டுக் கட்டாக விற்பார்கள். புளி, தேங்காய்ப்பால், பாகற்காய், கத்தரிக்காய், கொத்தமல்லி எல்லாம் தாராளம். துவரம்பருப்புதான் கிராமத்தில் கிடையாது. பாங்காக்கில் பாஹுரத் பகுதிக் கடைகளில் மொத்தமாக வாங்கி வர வேண்டும், அல்லது இணையத்தில் வரவழைக்க வேண்டும். அதுவரை தோல் நீக்கிய பாசிப்பருப்பை வைத்துச் சமாளிக்கலாம், அது எந்தச் சந்தையிலும் இருக்கும், இங்கே இனிப்புக்குப் போடுவார்கள். புழுங்கல் அரிசியைத் தாய்லாந்து ஏற்றுமதி செய்கிறதே தவிர உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுவதில்லை. கடையில் தேடி அலைய வேண்டாம். ரோய் எட், சுரின், யசோத்தோன் எல்லாம் சேரும் துங் குலா சமவெளி மல்லிகை மணம் வீசும் ஹோம் மாலி அரிசிக்குப் பேர் போனது. வேடிக்கை என்னவென்றால், அதை விளைவிக்கிற வீடுகளில் பல அதை விற்றுவிட்டு, வருடம் முழுக்க ஒட்டரிசியைத்தான் சாப்பிடுகின்றன.

சைவம் என்றால் கஷ்டம்தான். எதிலும் மீன் சாஸ் விழும். இல்லையென்றால் 'பிளா ரா' விழும். மீனை உப்பும் தவிடும் போட்டு மாதக்கணக்கில் புளிக்க வைத்தது, வாசனை தெருமுனையிலேயே வரவேற்கும். அசைவம் சாப்பிடுகிறவருக்கும் ஒரு எச்சரிக்கை. 'கோய் பிளா' என்று பச்சை ஆற்று மீனைக் கொத்தி மசாலா போட்டு வைப்பார்கள். அந்த மீனில் ஈரல் புழு இருக்கும். அது பித்தநாளத்தில் தங்கி, வருஷங்கள் கழித்துப் புற்றுநோயாக முடிகிறது. உலகத்திலேயே பித்தநாளப் புற்றுநோய் அதிகம் உள்ள பகுதிகளில் வடகிழக்குத் தாய்லாந்து முன்னணியில் இருப்பது இதனால்தான். மரியாதைக்காகக்கூட ஒரு வாய் வேண்டாம். வேகவைத்துத் தாருங்கள் என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி காகிதம். இதில் நிதானமாக இருங்கள், பலருக்குத் தூக்கம் கெடுவது இங்கேதான்.

50 வயது நிறைந்தவருக்கு ஓய்வு அடிப்படையில் வருடா வருடம் தங்கும் அனுமதியை நீட்டிப்பார்கள். அதற்குத் தாய் வங்கியில் உங்கள் பெயரில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 8 லட்சம் தேற வேண்டும். வங்கிப் பணம் என்றால் விண்ணப்பிக்கும் முன் இரண்டு மாதம், பிறகு மூன்று மாதம் அந்த 8 லட்சம் அசையக் கூடாது. அதன் பின்னும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆகவே அதில் பாதியை உங்கள் பணமாகவே நினைக்காதீர்கள், அது அங்கே உட்கார்ந்தே இருக்கும். உங்களுக்கு மனைவி தாய்லாந்துக்காரர் என்பதால் இன்னொரு வழியும் உண்டு. திருமண அடிப்படையில் என்றால் 4 லட்சம், அல்லது மாதம் 40,000 வருமானம் போதும். ஆனால் வேலை அதிகம். வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஜோடியாக எடுத்த படங்கள், வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம், சாட்சி என்று கேட்பார்கள், அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பதும் உண்டு, முடிவு வரக் காத்திருக்கவும் வேண்டும். எப்படியானாலும் கட்டணம் 1,900 பாட். வங்கியில் பணம் வைக்க முடிந்தால் ஓய்வு அடிப்படையே நிம்மதி என்பேன். கையைக் கடித்தால் திருமண வழி.

90 நாளுக்கு ஒருமுறை 'இன்னும் இங்கேதான் இருக்கிறேன்' என்று குடிவரவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். இணையத்திலும் செய்யலாம், அது வேலை செய்கிற நாளில். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு, டிஎம் 30 என்பார்கள். உங்கள் வீட்டில் அது மனைவியோ மாமியாரோ செய்ய வேண்டியது. இடையில் ஊருக்குப் போய்வருவதாக இருந்தால் கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி வாங்குங்கள். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. இதை மறந்து விமானம் ஏறினால் வருட நீட்டிப்பு அத்தோடு செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். படிவங்களில் வருடம் பௌத்த ஆண்டில் இருக்கும், நம் ஆண்டோடு 543 கூட்டிக்கொள்ளுங்கள்.

ஓய்வு அனுமதியில் வேலை செய்யக் கூடாது. கடை போடுவது, பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குவது எல்லாம் அதில் சேரும். வரியும் பாருங்கள். வருடத்தில் 180 நாளோ அதற்கு மேலோ தங்கினால் நீங்கள் வரிக் கணக்கில் வசிப்பவர். 2024 ஜனவரி 1 முதல், அதன் பிறகு வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை இங்கே கொண்டுவந்தால் அது வருமான வரிக்கு உட்பட்டது. அதற்கு முன்பு சம்பாதித்து வைத்திருந்த சேமிப்புக்கு இது பொருந்தாது. ஆகவே பழைய சேமிப்பைத் தனிக் கணக்கில் வைத்து, 2023 டிசம்பர் கடைசி நாள் இருப்பைக் காட்டும் வங்கி அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாக. வெளிநாட்டவர் பெயரில் நிலம் வாங்க முடியாது. வீடு கட்டுவது உங்கள் பணமாக இருந்தாலும் நிலம் மனைவி பெயரில்தான் இருக்கும், வாங்கும்போது அது அவருடைய தனிப்பட்ட பணம் என்று நீங்கள் நில அலுவலகத்தில் கையெழுத்தும் போட வேண்டியிருக்கும். உங்கள் பாதுகாப்புக்கு வாழ்நாள் அனுபவ உரிமையைப் பத்திரத்தின் பின்பக்கம் பதிவு செய்யச் சொல்லுங்கள். 'சித்தி கெப் கின்' என்று கேட்டால் நில அலுவலகத்தில் புரியும், கட்டணமும் அதிகமில்லை. மனைவி உங்களுக்கு முன்பே போய்விட்டால் மச்சினர்கள் வந்து வீட்டைக் காலி செய்யச் சொல்லாமல் இருக்க இதுதான் வழி. மனைவியிடம் இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். கூச்சத்தைப் பார்க்காதீர்கள், நல்ல மாமியாராக இருந்தால் அவரே சரி என்பார். இன்னொன்று, பத்திரம் 'சனோட்' எனப்படும் முழு உரிமை வகையா என்று பாருங்கள். நிலச் சீர்திருத்தத்தில் கொடுத்த நிலம் என்றால் அதை இஷ்டப்படி விற்கவோ கைமாற்றவோ முடியாது. வீடு கட்டத் தாழ்வான வயலை மண் போட்டு மேடாக்கினால் ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே விட்டுவிட்டு, மண் இறுகிய பிறகு கட்டுங்கள். அவசரப்பட்டவர்களின் சுவரில் விரிசல்கள் சுற்றுவட்டாரத்தில் பல இடத்தில் இருக்கின்றன.

மாதச் செலவு எவ்வளவு? சொந்த வீட்டில், ஏசியைப் பகல் முழுக்க ஓட்டாமல், இரண்டு பேருக்கு 25,000 முதல் 35,000 பாட்டில் நன்றாகவே ஓட்டலாம் என்பது என் கணக்கு. 20 லிட்டர் குடிநீர் கேன் பத்துப் பதினைந்து பாட்டுக்கு வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். ஒரு தட்டு பப்பாளி சாலட் 40, 50 பாட். ஃபைபர் இணையம் பல கிராமங்களுக்கும் வந்துவிட்டது. ஷாப்பி, லசாடா போன்ற இணையக் கடைகளில் என்ன ஆர்டர் செய்தாலும் டெலிவரிப் பையன் வந்து நிற்பான், பொருளைப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம். ஆனால் இந்த 35,000-இல் மருத்துவக் காப்பீடு சேரவில்லை. அதுதான் வயதாக ஆகக் கணக்கைக் குலைக்கும்.

தாய்லாந்துக்காரர்களுக்கு '30 பாட் திட்டம்' என்கிற அரசு மருத்துவத் திட்டம் இருக்கிறது, உங்களுக்குக் கிடையாது. 70 தாண்டினால் புதிதாகக் காப்பீடு கிடைப்பது கடினம், கிடைத்தாலும் பிரீமியம் கண்ணைக் கட்டும். ஆகவே இப்போதே, 56-இல், நோய் எதுவும் பதிவாகும் முன்பே எடுத்துவிடுங்கள். அன்றாட மருத்துவத்துக்குக் குறை இல்லை. ஊருக்குள்ளேயே சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், 'ஓ சோ மோ' என்பார்கள். நாடு முழுக்கப் பத்து லட்சம் பேருக்கு மேல். எங்கள் தெருவுக்குப் பொறுப்பான அம்மா இரத்த அழுத்தக் கருவியோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து அளப்பார், தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு மருந்து போடுவார், தொப்பை பற்றிக் கருத்தும் சொல்வார். மாகாண அரசு மருத்துவமனையில் மருத்துவர்கள் நல்லவர்கள். காலை ஆறு மணிக்கே போய் வரிசை எண் வாங்கிவிட்டு மதியம் வரை உட்காரத் தயாராக இருக்க வேண்டும். மனைவியோ மருமகளோ கூட வருவது அங்கே கட்டாயம் மாதிரி. நோயாளிக்குச் சாப்பாடு ஊட்டுவது, துடைப்பது, சீட்டு எடுத்துக்கொண்டு ஓடுவது எல்லாம் உறவினர் வேலை. தனியாக வாழ்கிற வெளிநாட்டவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அவசர ஊர்திக்கு எண் 1669.

நோயைவிடச் சாலைதான் எனக்குப் பயம். சாலை விபத்துச் சாவுகளில் உலகில் மோசமான நாடுகளில் இதுவும் ஒன்று, செத்தவர்களில் பெரும்பகுதி மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இரவில் விளக்கில்லாத உழவு வண்டி சாலையில் போகும், எதிர்த்திசையில் ஸ்கூட்டர் வரும், நாய் நடுவில் படுத்திருக்கும். இருட்டிய பிறகு இரு சக்கர வண்டியை எடுக்காதீர்கள். ஓட்டுநர் உரிமத்தை ஒழுங்காக எடுங்கள். உரிமம் இல்லை என்றால் விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் கை விரிக்கக் காரணம் கிடைத்துவிடும்.

பணம் கேட்பார்களா? கேட்பார்கள். கிராமத்தில் மிச்சமிருப்பது கிழவர்களும் பேரக்குழந்தைகளும்தான். நடு வயதுக்காரர்கள் பாங்காக்கிலும் ரயோங் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள். முதியவருக்கு அரசு கொடுப்பது வயதைப் பொறுத்து மாதம் 600 முதல் 1,000 பாட். அந்த ஊரில் 8 லட்சத்தை வங்கியில் சும்மா போட்டு வைத்திருக்கிற ஆள் நீங்கள். வங்கி இருப்பு யாருக்கும் தெரியாது என்று நினைக்க வேண்டாம், வெளிநாட்டவருக்கு என்ன தொகை வேண்டும் என்பது ஊருக்கே மனப்பாடம். கடன் கேட்டு உங்களிடம் நேராக வர மாட்டார்கள், மனைவி வழியாக வரும். நான் கண்ட நல்ல வழி, குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை மனைவி கையில் கொடுத்துவிட்டு, யாருக்கு என்ன என்பதை அவரிடமே விட்டுவிடுவது. இல்லை என்று சொல்வதும் அப்போது அவர் பொறுப்பு. அவருக்கு அது நன்றாகவே வரும். கோயில் நன்கொடை உறைகள் தனி. மழைக்காலத் தவம் முடிந்து அக்டோபர், நவம்பரில் கதின் திருவிழா வரும்போது வீட்டில் உறைகள் குவியும். ஒவ்வொன்றிலும் இருபதோ நூறோ போட்டுப் பெயர் எழுதிக் கொடுங்கள். தொகை பெரிதில்லை, பெயர் மைக்கில் வாசிக்கப்படுவதுதான் விஷயம்.

சாவு வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது, ஏனென்றால் வெளிநாட்டவரை ஊர் எடை போடுவது அங்கேதான். உடல் குளிரூட்டிய பெட்டியில் வீட்டிலேயே சில நாள் இருக்கும். சாயங்காலம் பிக்குகள் ஓத வருவார்கள். தெருவை அடைத்துப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்பீக்கர். ஊர்ப் பெண்கள் பின்பக்கத்தில் பெரிய அடுப்பு மூட்டி வேளா வேளைக்குச் சமைப்பார்கள், ஆண்கள் இறைச்சி கொத்துவார்கள், அப்புறம் இரவு முழுக்கச் சீட்டாட்டம். அழுகை குறைவு. முதல் தடவை பார்க்கிறவருக்குக் கல்யாணமா சாவா என்றே புரியாது. நீங்கள் செய்ய வேண்டியது, வெள்ளை அல்லது கறுப்புச் சட்டையில் போய், உறையில் கொஞ்சம் பணம் போட்டுக் கொடுத்து, ஊதுவத்தி ஒன்றை ஏற்றி வணங்கிவிட்டு, உட்கார்ந்து சாப்பிடுவது. அதோடு வந்துவிடாமல் நாற்காலி அடுக்கவோ தட்டு கழுவவோ கை கொடுத்தால் போதும். தகன நாளில் கோயிலுக்கு ஊர்வலம், மரச் சீவலில் செய்த பூவை ஒவ்வொருவரும் பெட்டியருகே வைப்பார்கள், வண்ணக் காகிதத்தில் சுற்றிய சில்லறைக் காசுகளைக் கூட்டத்தில் வீசுவார்கள். கிழவர்களும் குழந்தைகளும் விழுந்தடித்துப் பொறுக்குவார்கள். அதில் ஒன்று கையில் சிக்கினால் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், அதிர்ஷ்டம் என்பார்கள். பல ஊர்களில் ஈமச் சடங்கு நிதி உண்டு. யார் வீட்டில் சாவு என்றாலும் உறுப்பினர் வீடுகள் எல்லாம் ஒரு சிறு தொகை கொடுக்கும், மொத்தமாகச் சேர்த்து அந்த வீட்டுக்குப் போகும். உங்கள் மனைவியின் வீடு அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் சாவையும் யோசித்து வையுங்கள். நீங்கள் இறந்தால் உங்கள் பெயரில் உள்ள அந்த 8 லட்சத்தை வங்கி முடக்கிவிடும். நீதிமன்றம் சொத்து நிர்வாகி என்று ஒருவரை நியமித்த பிறகுதான் மனைவி கைக்கு வரும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். தாய் மொழியில் ஒரு உயில் எழுதி வைத்தால் வேலை சுலபமாகும். ஈமச் செலவுக்கு உடனடியாக எடுக்க மனைவி பெயரில் தனியாகக் கொஞ்சம் பணம் போட்டு வையுங்கள்.

பகல் பொழுதை என்ன செய்வது என்பது கடைசிப் பிரச்சினை, அலட்சியப்படுத்தக் கூடாதது. காலை பத்து மணிக்கே கடை வாசலில் பீர் பாட்டிலோடு உட்காரும் வெளிநாட்டவர்கள் ஒவ்வொரு டவுனிலும் இருக்கிறார்கள். கெட்டவர்கள் இல்லை, செய்ய ஒன்றும் இல்லாதவர்கள். அரிசிச் சாராயம் வேறு மலிவு. இங்கே சந்தோஷமாக இருக்கிறவர்களைப் பார்த்தால் ஏதாவது ஒன்றில் கையை வைத்திருப்பார்கள். மீன் குட்டை, வாழைத்தோட்டம், சைக்கிள், மரவேலை. மொழியையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் வயலிலும் பேசுவது லாவோ மொழிக்கு நெருங்கிய ஈசான் பேச்சு, அலுவலகத்திலும் டிவியிலும் பாங்காக் தாய். தாய் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது, பேருந்துப் பலகை எல்லாம் உங்கள் கைக்கு வரும். எல்லாவற்றுக்கும் மனைவியைக் கூப்பிடுகிற நிலை இரண்டு பேருக்குமே நல்லதில்லை.

பருவம் பார்த்து ஒரு தடவை வந்து இருந்துவிட்டு முடிவெடுங்கள். டிசம்பரில் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஊர் பிடித்துவிடும். இரவில் போர்வை வேண்டும், பகலில் நல்ல வெயில், அறுவடை முடிந்து எல்லோர் கையிலும் கொஞ்சம் காசு. அதை நம்பாதீர்கள். பிப்ரவரியிலிருந்து வைக்கோலும் கரும்புத் தோகையும் எரிகிற புகை, மூச்சுக்கோளாறு உள்ளவருக்கு ஆகாது. ஏப்ரலில் 40 டிகிரி தொடும். அதே ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் என்கிற தாய் புத்தாண்டு, வெளியூர் போனவர்கள் எல்லாம் வந்து இறங்கி வீட்டில் பாய் விரிக்க இடம் இருக்காது. மனைவியின் அண்ணன் தம்பிகள், அவர்கள் பிள்ளைகள், யார் யாருக்கு என்ன மனத்தாங்கல் எல்லாம் அந்த வாரத்தில் தெரிந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் நாற்று நடும் காலம், சேறு, பாம்பு, டெங்கு, ஊரில் பேச ஆளில்லை. ஏப்ரலில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை வந்து மாமியார் வீட்டிலேயே தங்குங்கள். விடுதி வேண்டாம். ரோய் எட்டுக்கு இன்னும் ரயில் கிடையாது, பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். விமானமோ இரவுப் பேருந்தோதான். சொங்க்ரான் வாரத்துக்கு என்றால் டிக்கெட்டை மிகவும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.